கல்யாணம் முடிந்தபின் வந்த விசா

விக்கிப்பீடியாவுக்கு எழுதும் தன்னார்வலர்கள் வருடாவருடம் கூடும் உலக மாநாடான விக்கிமேனியாவை எந்த நாட்டில் நடத்துவது நியாயம் என்று நண்பர்களுக்குள் மறுபடி சண்டை. ஒருத்தர் மனித உரிமை என்கிறார், இன்னொருத்தர் டிக்கெட் விலை என்கிறார். நான் மதுரை செல்லூர்க்காரன். எனக்கு முதலில் விசாதான் ஞாபகம் வரும்.

சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் நடந்த ஒரு தன்னார்வலர் கூட்டத்துக்குப் போக எனக்கு உதவித்தொகை கிடைத்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்தேன். ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று இன்னொரு முறையும் போனேன். கவுண்டரில் இருந்தவர், "விக்கிப்பீடியாவில் என்ன சம்பளம் சார்?" என்றார். சம்பளமே இல்லை என்றேன். "அப்போ எதுக்கு இவ்வளவு செலவு பண்ணிக் கூப்பிடுறாங்க?" நியாயமான கேள்விதான், பதில்தான் வரவில்லை. கூட்டம் முடிந்த நாலாம் நாள் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது, உள்ளே விசா. அம்மா சிரித்துக்கொண்டே, "அழகரும் இப்படித்தான்டா, தங்கச்சி கல்யாணம் முடிஞ்சப்புறம் வந்து சேந்தாரு" என்றார். அவராவது வண்டியூர் போனார். நான் ஆபீஸ் போனேன்.

2025இல் நைரோபி என்றதும் சிலர் தயங்கினார்கள். அங்கே ஓரினச்சேர்க்கைக்கு 14 ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. அந்தப் பயம் சின்னதில்லை. ஆனால் கென்யாவுக்கான பயண அனுமதியை வீட்டில் உட்கார்ந்தே ஆன்லைனில் வாங்கிவிடலாம். 2011இல் ஹைஃபாவில் நடந்தபோது மலேசியக்காரர்களின் பாஸ்போர்ட்டிலேயே இஸ்ரேலுக்குச் செல்லாது என்று அச்சிட்டிருந்தது. 2016இல் நடந்ததோ ஆயிரம் பேர்கூட வசிக்காத எசினோ லாரியோ என்ற இத்தாலிய மலைக்கிராமத்தில். ஊர் சின்னதாக இருந்தால் சமாளித்துவிடலாம். வாசலிலேயே நிறுத்தினால் என்ன செய்ய? எல்லாருக்கும் ஒத்துவரும் நாடு எங்கும் கிடையாது. அதனால் நடத்த விரும்புகிறவர்கள் அரங்கத்தின் படத்தைப் பிறகு காட்டட்டும். எந்த பாஸ்போர்ட்டுக்கு விசா எத்தனை நாளில் கிடைக்கும், அதற்கு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை முதலில் சொல்லட்டும். கூட்டம் முடிந்ததும், விசா கிடைக்காமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்பதையும் வெளியிடட்டும்.

"நம்ம தமுக்கம் மைதானத்திலேயே நடத்தலாமே" என்று ஒருத்தர் கேட்டார். ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் பாகிஸ்தான் பாஸ்போர்ட்டுக்கு நாம் இ-விசாவே கொடுப்பதில்லை. சிந்தி விக்கியில் எழுதும் கராச்சிக்காரர் ஒருவர் மதுரைக்கு வர என்ன பாடுபட வேண்டும் என்று கேட்டேன். இன்னும் யாரும் பதில் போடவில்லை.