கொழும்பில் நத்தாருக்கு எதை நடலாம்?

நத்தார் விருந்துக்கு வேண்டிய மரக்கறியை நாமே வளர்க்க வேண்டும் என்று சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன், அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் சொன்ன உருளைக்கிழங்கும் லீக்ஸும் நுவரெலியாக் குளிருக்கு உரியவை. இரவிலும் சூடு தணியாத கொழும்பில் கிழங்கு சரியாக விழாது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதை நட்டு மனம் விட்டுப் போகக்கூடாது.

இங்கே கைகொடுப்பவை வெண்டியும் பயற்றங்காயும்தான். ஒக்டோபர் கடைசிக்குள் விதை போட்டால் நத்தாருக்குக் காய் பறிக்கலாம். கங்குன் கீரை இன்னும் சுலபம்: சந்தையில் வாங்கிய கட்டின் தடித்த தண்டை நவம்பர் கடைசியில் ஊன்றினாலே போதும்.

தக்காளிக்குத்தான் பொறுமை வேண்டும். செப்டெம்பர் நடுப்பகுதியில் நாற்றுப் போட வேண்டும், அப்புறம் ஒக்டோபர், நவம்பர் மாலை மழை நேரடியாக விழாதபடி சாடியைக் கூரை ஓரமாக வைக்க வேண்டும். பச்சையாக நின்ற செடி திடீரென்று துவண்டால் பக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் விட்டு, வெட்டு முனை மட்டும் நனையும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கினால் அதேதான். மருந்தடித்துப் பயனில்லை, செடியை மண்ணோடு அகற்றிவிடுங்கள். அந்தச் சாடியில் கத்தரி, மிளகாயும் வைக்க வேண்டாம், அவற்றுக்கும் அதே நோய் வரும்.

இன்னொன்று, கட்டுரையில் இல்லாதது: மழைக்காலத்தில் சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும்.