அதிமதுரமும் பிரஷர் மாத்திரையும்

அதிமதுரம் மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது, பிரஷர் மாத்திரையோடு தினமும் சாப்பிடலாம் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்வதால் சொல்கிறேன், அது சரியல்லங்க. அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்ற பொருள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரியத் தரும் சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் குறைப்பவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே சீர்கெடலாம்.

தொண்டைக் கட்டுக்கு எப்போதாவது ஒரு துண்டு மெல்வதைச் சொல்லவில்லை. தினசரி சூரணம், கஷாயம்தான் கவலை.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட மருத்துவத் தாவரங்கள் தொகுப்பின் முதல் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிமதுரப் பகுதியில், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற இடத்தைப் பாருங்கள்; உயர் ரத்த அழுத்தம் அங்கே இருக்கிறது.