பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற எழுந்தேற்ற நேரத்தில் யாராவது எழுந்து நின்று செல்ஃபி எடுப்பார்களா?

2022 செப்டம்பரில் நடந்தது. இன்னும் வயிறு எரிகிறது.

2017-க்குப் பிறகு சென்னை ஓபன் டென்னிஸ் ஆண்கள் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. ஐந்து வருடம் கழித்துப் பெண்கள் போட்டியாகத் திரும்பி வருகிறது என்றதும் எனக்கும் அத்தானுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நாகர்கோவிலில் இருந்து சென்னை 700 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க ரயிலில் குலுங்கி, எழும்பூரில் இறங்கி, கண் எரிய எரிய நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் போய் உட்கார்ந்தோம். அன்றைக்கு இறுதி ஆட்டம்.

எங்களுக்கு முன் வரிசையில் ஒருத்தர். கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையில் எத்தனை கட்டம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். ஆட்டத்தைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன்.

இறுதி ஆட்டம் ஆடிய செக் நாட்டுப் பிள்ளை பந்தைத் தட்டித் தட்டி சர்வீஸ் போடக் கையைத் தூக்கும். சரியாக அப்போதுதான் இவர் எழுவார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, ‘இங்க பாரு, இந்தப் பக்கம், கை காட்டுறேன் பாரு’ என்று அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல். நடுவர் மேலே இருந்து ‘கொயட் ப்ளீஸ்’ என்று கெஞ்ச, அது பந்தை நிறுத்தி முதலில் இருந்து தட்டும்.

ஐயா, இரண்டு பாயிண்ட்டுக்கு நடுவில் 25 விநாடி இருக்கிறது. பக்கம் மாறும்போது 90 விநாடி. செட் முடிந்தால் முழுசாக 2 நிமிடம். காபி வாங்க, ஒன்றுக்குப் போக, வீட்டுக்குப் போன் போட, எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். பந்து போய் வருகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் சும்மா இருங்கள் என்கிறார்கள். மட்டையில் பந்து படுகிற சத்தத்தை வைத்தே அது எவ்வளவு வேகமாக வரும் என்று எதிரே நிற்பவர் கணிப்பார். அதற்குத்தான் அந்த அமைதி. கோட்டாறு சவேரியார் கோயிலில் எழுந்தேற்றம் நடக்கும்போது இப்படி நின்று பேசிப் பார்க்கட்டும், பக்கத்துப் பாட்டியே காதைத் திருகிவிடுவார்.

இதில் முதல் சர்வீஸ் வலையில் பட்டுத் தப்பாகப் போனால் கைதட்டுகிற கூட்டம் வேறு. எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவர்களுக்காவது தெரியுமா?

பொறுக்க மாட்டாமல், ‘அண்ணே, கொஞ்சம் உட்காருங்க’ என்றேன்.

‘தம்பி, நானும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கேன்.’

‘விடு மாப்ளே’ என்று அத்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். 2008-இல் இதே இடத்தில் ஸ்பெயின்காரர்கள் நடாலும் மோயாவும் மூன்றே செட்டுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் அடித்துக்கொண்ட அரையிறுதியைப் பார்த்த மனிதர். அன்றைக்கு எச்சில் விழுங்கக்கூட பயமாக இருந்தது என்பார். (நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை இவரும் ஆட்டத்துக்கு நடுவில்தான் பிரித்தார். அந்தச் சத்தத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவா. வயது 17. போலந்தின் மாக்டா லினெட்டிடம் முதல் செட்டை 4-6 என விட்டுவிட்டு, 6-3, 6-4 என்று திருப்பி அடித்து தன் முதல் டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) பட்டத்தை வாங்கியது அந்தப் பிள்ளை. கடைசிப் பாயிண்ட்டில் கட்டம் போட்ட சட்டை எழுந்து நின்று வீடியோ எடுத்தது. நான் பார்த்தது அவர் முதுகு.

அந்தப் பாயிண்ட்டை ஊருக்கு வந்து போனில்தான் பார்த்தேன். அதை வடசேரியில் திண்ணையில் உட்கார்ந்தே பார்த்திருப்பேனே!