ஜப்பானில் ‘ஓப்பன்ஹைமர்’ தடை செய்யப்படவில்லை

“ஜப்பான் அரசு ‘ஓப்பன்ஹைமர்’ படத்தைத் தடை செய்தது, அங்கே ஒருவரும் அதைப் பார்க்கவில்லை” என்று நண்பர் எழுதியிருப்பது தவறு. 2023 ஜூலை 21 அன்று நாம் சென்னையில் பார்த்தபோது அணுகுண்டு உருவாக்கத்தை வழிநடத்திய அமெரிக்க விஞ்ஞானி ஓப்பன்ஹைமரைப் பற்றிய அந்தப் படம் ஜப்பானில் வெளியாகவில்லை என்பது மட்டுமே உண்மை. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு வீசப்பட்ட ஆகஸ்ட் 6, 9 நினைவு நாள்கள் நெருங்கிய வேளையில், ‘ஓப்பன்ஹைமர்’ வெளியான நாளிலேயே வந்த ‘பார்பி’ படத்தின் இளஞ்சிவப்பையும் அணுகுண்டுப் புகையையும் ஒட்டிப் பரவிய கேலிப் படங்கள் அங்குக் கடும் சினத்தை மூட்ட, ‘பார்பி’யை வெளியிட்ட வார்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பின்னர் பிட்டர்ஸ் எண்ட் என்னும் விநியோக நிறுவனம் 2024 மார்ச் 29 அன்று ஹிரோஷிமா உட்பட நாடெங்கும் படத்தைத் திரையிட்டது.

பார்த்தவர்கள் கருத்தும் சொன்னார்கள். ஹிரோஷிமாவின் முன்னாள் மேயர் தகாஷி ஹிராஓகா, அணு ஆயுதத்தின் கொடூரம் போதிய அளவு காட்டப்படவில்லை என்றார். குண்டுவீச்சில் உயிர் தப்பிய தோஷியுகி மிமாகி, ஹிரோஷிமாக் காட்சி வரும் வரும் என்று காத்திருந்ததாகவும், அது வரவேயில்லை என்றும் கூறினார்.

அவர்கள் குறையை நான் மதிக்கிறேன். ஆயினும் படம் பெரும்பாலும் ஓப்பன்ஹைமரின் கண்வழியே நகர்கிறது. குண்டு வீசப்பட்ட பின் அவர் ஆற்றும் வெற்றியுரையின்போது, கால்களைத் தரையில் உதைக்கும் கூட்டத்தின் நடுவே ஓர் இளம்பெண்ணின் முகத்தோல் உரிவதாக அவருக்குத் தோன்றும் அந்தச் சில நொடிகளில், வடபழனி அரங்கில் பாப்கார்ன் பொட்டலத்தின் சலசலப்புகூட நின்றுபோனது. குண்டு விழுந்த இடத்தைக் காட்டாமலே அது என்ன செய்தது என்பதை அந்தக் காட்சி எங்களுக்கு உணர்த்தியது; ஹிரோஷிமாவில் வாழ்ந்தவருக்கு அது போதாது என்பதும் புரிகிறது.