கொப்பியில் எழுதினால் உங்களுக்கு எங்கே நோகுது?

நான் போட்ட உதைபந்தாட்டப் பயிற்சிக் கொப்பிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, ஒருவர் கிண்டலாகப் பதிவு போட்டிருக்கிறார். அந்த ஸ்கிரீன்ஷொட் எனக்கும் வந்து சேர்ந்தது. அக்கறையுள்ள நண்பர்கள் பலர், "பார்த்தியா மச்சான்" என்று தனித்தனியாக அனுப்பியிருந்தார்கள். "எங்கட ஊர் ஹாலண்ட்" என்று தலைப்பு, கோல் அடிப்பதில் பெயர்போன நோர்வே வீரர் எர்லிங் ஹாலண்டை வைத்து. கீழே வரிசையாகக் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். பதிவு போட்டவருக்கு நன்றி. என் கொப்பிக்கு இவ்வளவு வாசகர்கள் கிடைப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நடந்தது எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் போட்டது பயிற்சிக் கணக்கு. பின்னேரங்களில் திருகோணமலை உப்புவெளிப் பக்கத்து மைதானத்தில், கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டிப் பெட்டிக்கு வெளியே நின்று அடித்ததில் எத்தனை கம்பங்களுக்குள் போனது, எத்தனை வெளியே போனது என்ற கணக்கு. பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, தொழில்முறை வீரர்களின் பொதுவான விகிதத்தையும் எழுதியிருந்தேன். என்னுடையது அதைவிடக் கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான். "நான் ஹாலண்டை விட நல்லா அடிக்கிறேன்" என்று அதில் எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள். எண்ணினேன், எழுதினேன். எண்ணியது ஒரு குற்றமா?

சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த விகிதம் என்னவென்றே தெரியாது. ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் அடிக்கிற அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் இலக்குக்குப் போகிறது. கோலாவது பத்துக்கு ஒன்று அளவில். குறைவாகத்தான் இருக்கும். அங்கே தலையால் முட்டியதும் கணக்கில் வரும், விழுந்துகொண்டே காலை நீட்டியதும் வரும். முன்னால் பாய்ந்த தடுப்பாட்டக்காரரின் காலில் பட்டுத் திரும்பியது இலக்குக்குப் போனதாகச் சேராது. கம்பத்தில் பட்டு வெளியே வந்ததும் சேராது. இன்னொன்று, சிலர் இப்படித் தடுக்கப்பட்ட அடிகளையும் மொத்தத்தில் வைத்து வகுக்கிறார்கள், சிலர் அவற்றைத் தள்ளிவிட்டு வகுக்கிறார்கள். அதனால் ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு இடத்தில் இரண்டு விகிதம் பார்க்கலாம். இதெல்லாம் தெரியாமல் நான் எழுதவில்லை. பக்கத்தின் அடியிலேயே "கீப்பர் இல்லை, மறிக்க ஆள் இல்லை" என்று இருந்தது. ஸ்கிரீன்ஷொட்டில் அந்த வரி மட்டும் வெட்டுப்பட்டிருக்கிறது. தற்செயலாகத்தான் இருக்கும்.

"அப்ப எதுக்கு ஒப்பிட்டாய்?" என்று கேட்பீர்கள். ஒப்பிட்டால்தானே எனக்கும் அவர்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியும்! 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஆளில்லாத அந்த வாய்க்குள்ளேயே என்னால் எல்லாப் பந்தையும் போட முடியவில்லை. முன்னால் இரண்டு பேர் நின்று, பின்னால் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுக்கிற நேரத்தில் மூன்றில் ஒன்றைப் போடுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நான் எழுதியது அவர்களுக்குக் கொடுத்த மரியாதை. வாசித்தவர்களுக்கு அது பீலாவாகத் தெரிந்திருக்கிறது.

பெனால்டியை எடுங்கள். 11 மீட்டர், மறிக்க ஆளில்லை, கீப்பர் மட்டும். அதிலேயே தொழில்முறை வீரர்கள் போடுவது நாலில் மூன்றைவிடக் கொஞ்சம் கூடுதல். 2022 உலகக் கிண்ணக் காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக இங்கிலாந்தின் ஹாரி கேன் முதல் பெனால்டியைப் போட்டார், இரண்டாவதைக் கம்பத்துக்கு மேலால் அனுப்பினார். பயிற்சியில் அவர் எத்தனை போட்டிருப்பார்! இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அணிக்காக மாட் லெ டிசியே 48 பெனால்டி அடித்து 47 போட்டார் என்று வாய் பிளந்து சொல்கிறோமே, அந்த 48 எப்படித் தெரியும்? யாரோ ஒரு கொப்பியில் எழுதி வைத்ததால்தான் தெரியும்.

இந்தக் கணக்குப் பைத்தியம் நான் தொடங்கியதும் இல்லை. 1950 மார்ச் 18ஆம் தேதி, இங்கிலாந்தின் ஸ்விண்டன் அணி ஆடிய ஓர் ஆட்டத்தின் இடைவேளைக்குப் பிறகு சார்ல்ஸ் ரீப் என்ற விமானப்படை அதிகாரி கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். பிறகு ஆயுள் முழுக்க அதுதான் வேலை. ஒரு கோல் விழ ஏறத்தாழ பத்துத் தடவை அடிக்க வேண்டும் என்பதை அவர் அப்போதே எழுதிவிட்டார். அந்தக் கணக்கை வைத்து, பந்தை நீளமாகத் தூக்கி அடியுங்கள் என்று அவர் சொன்னது பிழை என்று பின்னாளில் பலர் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அது வேறு கதை. எண்ணியதற்காக யாரும் அவரைப் பிழை சொல்லவில்லை.

கொப்பி எனக்கு என்ன செய்தது என்று கேட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் மைதானத்தில் பந்து வெளியே போனால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "காத்து மச்சான், கடல் பக்கம் இழுக்குது." நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே போனதை இடம், வலம், மேலே என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதத் தொடங்கிய பிறகு பார்த்தால் பக்கவாட்டில் போனது கொஞ்சம்தான். பெரும்பாலானது மேலால். கச்சான் பந்தைக் குறுக்கே தள்ளும், கம்பத்துக்கு மேலே தூக்காது. ஊன்றுகிற கால் பந்துக்குப் பின்னால் நின்றுவிடுகிறது, உடம்பு பின்னுக்குச் சாய்கிறது, பந்து எழும்புகிறது. இதைக் காலைப் பார்த்து நான் கண்டுபிடிக்கவில்லை, கொப்பியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பழைய டயர் ஒன்றைக் கயிற்றில் கட்டி மூலையில் தொங்கவிட்டு, ஊன்றுகிற காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து அடிக்கத் தொடங்கிய பிறகு அந்த "மேலே" பத்தி மெலிந்துகொண்டே வருகிறது.

இதிலே சிரிக்க என்ன இருக்கிறது? மூலைக் கடை ஐயா இரவில் லாச்சியைத் திறந்து காசை எண்ணும்போது "நீ என்ன பெரிய அம்பானியோ" என்று யாராவது கேட்கிறீர்களா?

சரி, கொமெண்டுகளுக்கு வருகிறேன். "கீப்பர் இல்லாத கோலுக்கு என்ர ஆச்சியும் அடிப்பா" என்று ஒருவர். ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவவுக்கும் ஒரு பத்தி போடலாம். "ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு குதிக்கிறான்" என்று இன்னொருவர். ஒரு நாள் கணக்கு ஒன்றுக்கும் உதவாது என்பது நியாயம்தான், அதனால்தான் மாதக்கணக்கைச் சேர்த்துப் போட்டேன். "கணக்குப் பார்த்தால் விளையாட்டின் ரசனை போய்விடும்" என்று ஒரு தத்துவம். முரளி 800 விக்கெட், சங்கக்காரவின் டெஸ்ட் சராசரி 57.40 என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்கிற ஆட்கள் எனக்கு ரசனை வகுப்பு எடுக்கிறார்கள். கிரிக்கெட்டில் எண் இருந்தால் அறிவு, நான் எழுதினால் விசர்.

"இந்த வயதில் உனக்கு என்னத்துக்கு?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் என்னோடு ஒரே தெருவில் பந்தடித்தவர், அதனால் சொல்கிறேன். பள்ளிக்கூட அணிக்கு ஆள் எடுத்த அந்தப் பின்னேரம் உனக்கும் ஞாபகம் இருக்கும். எந்தப் பள்ளிக்கூடம், எந்த சேர் என்று இங்கே வேண்டாம். வரிசையில் நான் கடைசி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, சேர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து இரண்டு பந்தை உருட்டிவிட்டார். ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது, மற்றது கீப்பரின் கைக்குப் போனது. "உனக்குக் குறி இல்லை தம்பி" என்றார். முடிந்தது. அந்த வருடம் முழுக்கத் தெருவில் நான் போட்ட கோல்களை யார் கண்டது? எடுபட்டவன் யாருடைய மகன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னிடம் அன்றைக்கு ஒரு கொப்பி இருந்திருந்தால் சேர் எடுத்திருப்பார் என்று சொல்லவில்லை. எடுத்திருக்க மாட்டார். ஆனால் "குறி இல்லை" என்பதை நான் இத்தனை வருடம் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் ஒருவன் எதையாவது கொஞ்சம் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினால் போதும், பட்டப்பெயர் ரெடி. 2023இல் ஃபீஃபா இலங்கை உதைபந்தாட்டத்தையே பல மாதம் தடை செய்து வைத்திருந்தது. அப்போது நாட்டுக்காக இத்தனை பேர் பதிவு போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. என் கொப்பிக்கு மட்டும் இவ்வளவு கரிசனை. மெக்கெய்சர் மைதானத்தில் ஆட்டம் நடந்தால் நிழலில் நின்று "அடிடா, அடிடா" என்று கத்தத் தெரியும். அடித்தது எத்தனை, போனது எத்தனை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை. வெளியே போன ஒன்றை மட்டும் பத்து வருடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். கொப்பி அப்படி ஓரவஞ்சனை செய்யாது, போனதையும் எழுதும் போகாததையும் எழுதும்.

பிறகு அந்தக் கையெழுத்து. "கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்று எழுதி அதற்கு வேறு அத்தனை சிரிப்பு. அது என் கையெழுத்து இல்லை. அக்காவின் மகளுடையது. என் மருமகள்தான் கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குகிறவள், பென்சில் பிடிக்கிறவள், "மாமா, அது கம்பம், அதை உள்ளே எழுத ஏலாது" என்று சண்டை பிடிக்கிறவள். நான் அடித்து முடிய அவள் அடிப்பாள், நான் எழுதுவேன். அந்தப் பக்கத்தில் இடப்புறம் என் கணக்கு, வலப்புறம் அவளுடையது. இடது காலால் தொடவே பயப்பட்டவள், இப்போது அந்தக் காலால் பாதிக்கு மேல் உள்ளே போடுகிறாள். நீங்கள் எல்லோரும் கூடிச் சிரித்த பக்கத்தில் அதுவும் இருந்தது.

அவளுக்குப் போன் இல்லை என்று நினைத்து ஆறுதலாக இருந்தேன். வகுப்பில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அன்று பின்னேரம் வந்து, "மாமா, இனி நீங்களே எழுதுங்கோ" என்று கொப்பியை என் கையில் தந்துவிட்டுப் பந்தைப் பொறுக்கப் போய்விட்டாள். இரண்டு நாள் அவளுடைய பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பெண்பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று கேட்ட இரண்டு பெரியவர்களுக்கு இங்கே பதில் இல்லை, நேரில் கண்டால் தருகிறேன்.

ஆகவே பதிவை எடுக்கச் சொல்லி உட்பெட்டியில் நான் கெஞ்சப் போவதில்லை. அது அங்கேயே கிடக்கட்டும். எழுதுவதையும் நிறுத்தப் போவதில்லை. பெரிய கட்டம் போட்ட புதுக் கொப்பி வாங்கியாயிற்று, முதல் பக்கத்தில் பத்திகளுக்கு அவளே கோடு கீறிவிட்டாள். கீப்பர் இல்லாததுதான் குறை என்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளவுஸ் என்னிடம் இரண்டு சோடி இருக்கிறது, ஒன்று கொஞ்சம் கிழிசல். கிழமை நாளில் ஐந்து மணிக்குப் பிறகு எந்தப் பின்னேரமும் வரலாம், மழை பெய்தால் மட்டும் இல்லை. வந்து கோலில் நில்லுங்கள். நீங்கள் பிடித்ததையும் விட்டதையும் எழுத அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.