‘ஓரிரு இடங்களில்’ எங்க ஊரும் உண்டா?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அத்தை மொட்டை மாடியில் அப்பளம் காயப்போட்டிருந்தார். அப்பளத்துக்குப் பேர்போன எங்க கல்லிடைக்குறிச்சியில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. மேற்கே பார்த்துவிட்டு, “மலை இருட்டிக்கிட்டு வருது, எடுத்துரட்டுமா?” என்று கேட்டார். “சாயங்காலம் வரைக்கும் மழை கிடையாது அத்தை, போன்ல போட்டிருக்கான்” என்றேன். என் பேச்சைக் கேட்டதுதான் அவர் செய்த தப்பு. மூன்று மணிக்குக் கொட்டியது. ஓடிப்போய் அள்ளுவதற்குள் பாதி அப்பளம் ஒன்றோடொன்று ஒட்டி, இடுவதற்கு முன்னால் இருந்த உளுந்து மாவாகவே ஆகிவிட்டது. மாடியெல்லாம் பிரண்டை வாசம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து வாராந்திர வானிலை அறிக்கையை வரிவரியாகப் படிக்கிறேன். ‘நெல்லை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை’ என்றால், கால்வாசி இடங்களுக்கு மேல் போகாது என்று அர்த்தம். கனமழை என்றால் ஒரு நாளில் ஏறக்குறைய 6.5 முதல் 11.5 செ.மீ. வரை. ஆக அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓரிரு இடம் எது? இதே மாவட்டத்தில்தான் மாஞ்சோலைக்கு மேலே மலையில் நாலுமுக்கும் ஊத்தும் இருக்கின்றன. இதே மாவட்டத்தில்தான் தெற்கே வறண்ட ராதாபுரமும் இருக்கிறது. ஊத்தில் குடையை மடக்க முடியாத நாளில் ராதாபுரத்தில் காற்றாலை சுற்றிக்கொண்டு புழுதி பறக்கும். இரண்டுக்கும் சேர்த்து எச்சரிக்கை வரைபடத்தில் ஒரே மஞ்சள் நிறம் பூசினால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

மலை, ஆற்றங்கரை, தெற்கே வறண்ட பக்கம் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னாலே போதும் என்பது என் கட்சி. ஒவ்வொரு தெருவுக்கும் மணிக்கணக்கு கேட்கவில்லை. அந்த ஆசை காட்டித்தான் போன் என்னைக் கவிழ்த்தது.

எங்களை மாதிரி ஆற்றங்கரைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஊரில் பெய்கிற மழை அப்பளத்தைத்தான் கெடுக்கும். வீட்டுக்குள் வருவது மலையில் பெய்த மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. என்றதும் நாடே அந்தப் பக்கம் பார்த்தது, சரிதான். ஆனால் அதே நேரம் மலையிலும் விடாமல் பெய்து, பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரெல்லாம் சேர்ந்து தாமிரபரணியில் வந்ததே! அதனால் ‘நாளை மழை’ என்பதோடு, அணை எத்தனை அடியில் நிற்கிறது, எவ்வளவு திறக்கப்போகிறார்கள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். இப்போது காலையில் வருகிற மழை அளவுப் பட்டியலில் நான் முதலில் பார்ப்பது ஊத்தைத்தான். எங்க பக்கத்து அளவெல்லாம் அப்புறம்தான். ஆனால் அது நேற்றைய கணக்கு. எனக்கு வேண்டியது நாளைய கணக்கு.

பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவியிருக்கும் அண்ணாச்சி ஒருவர், “கன்னடியன் கால்வாய்ல தண்ணி வந்தாப் போதும்வே, மஞ்சளாவது செவப்பாவது” என்கிறார். அவர் கவலை அவருக்கு.

வெள்ளிக்கிழமை வரைக்கும் மஞ்சள்தான் போட்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் அத்தை மாடிக்குப் போய் மேற்கே பார்த்துவிட்டு வந்தார். ஊறவைத்திருந்த உளுந்தை அப்படியே இட்லிக்கு ஆட்டப் போட்டுவிட்டார்.