சுரேகா சீக்ரி தாமதமாக ஜெயித்தவர் இல்லை

இந்தி நடிகை சுரேகா சீக்ரி பற்றிப் பேச்சு வந்தாலே 2018-ல் வந்த 'பதாய் ஹோ' படத்தில் ஆரம்பித்து, '73 வயதில் ஜெயித்த பாட்டி' என்று முடித்துவிடுகிறார்கள். 2021 ஜூலையில் அவர் இறந்தபோதும் இதே பல்லவியைத்தான் நிறையப் பேர் பாடினார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த அம்மா எப்போதோ ஜெயித்தாகிவிட்டது. நாம்தான் லேட்.

1971-ல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படிப்பு முடிகிறது. உடனே பம்பாய்க்கு ரயில் ஏறவில்லை. அதே பள்ளியின் ரெப்பர்டரி கம்பெனியில் பத்து வருஷத்துக்கும் மேல் இருந்தார். ரெப்பர்டரி என்றால் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நாடகம் மட்டுமே போடுகிற குழு. மனோகர் சிங், உத்தரா பாவ்கர் எல்லாம் அங்கே கூட நடித்தவர்கள். இது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று, பகலில் ஆபீஸ், ராத்திரி ஒத்திகை, ஹால் வாடகைக்குக் கைக்காசு என்று நாடகம் போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பத்து வருஷத்தை 'போராட்ட காலம்' என்று ஒரு வரியில் தாண்டிப் போவது அநியாயம். அதுதான் அவருடைய முதல். பிறகு வந்ததெல்லாம் வட்டி.

அந்த வட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் கோவிந்த் நிஹலானி டிவிக்காக எடுத்த 'தமஸ்' (1988) பாருங்கள். பிரிவினைக் கலவரத்தில் ஊரை விட்டு ஓடிவரும் வயதான சீக்கியத் தம்பதி ஒரு முஸ்லிம் வீட்டில் அடைக்கலம் கேட்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவள் ராஜோவாக சுரேகா. வீட்டு ஆண்கள் வெளியே போயிருக்கிறார்கள், கலவரம் செய்யத்தான். எந்த நேரமும் திரும்பி வரலாம். உள்ளே விடுவதா வேண்டாமா என்ற தடுமாற்றம், விட்ட பிறகு பிடித்துக்கொள்ளும் பயம். தியாகி முகம் ஒன்றை மாட்டிக்கொள்ள எவ்வளவோ இடமிருந்தும், ஒரு இடத்தில்கூட அதைச் செய்யவில்லை.

அந்தச் சீக்கியக் கிழவராக நடித்தவர் 'தமஸ்' நாவலை எழுதிய பீஷ்ம சாஹ்னியேதான். 2002-ல் அபர்ணா சென்னின் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' படத்தில் இதே இருவரும் வயதான முஸ்லிம் தம்பதியாக பஸ்ஸில் வருவார்கள். கலவரக் கும்பல் ஏறி இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே அடைக்கலம் கொடுத்தவளுக்கு இங்கே கொடுக்க ஆளில்லை. வேண்டுமென்றே செய்த தேர்வா, தற்செயலா, எப்படியானாலும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

தேசிய விருது மூன்று: தமஸ், மம்மோ, பதாய் ஹோ. மூன்றுமே சிறந்த துணை நடிகைக்கு! நல்ல நடிகை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கதையை அவர் தோளில் வைக்க மட்டும் துணிச்சல் வராது. மாற்று சினிமாவும் இந்த விஷயத்தில் அப்படியொன்றும் மாற்றாக இல்லை.

வீட்டுக்கு வீடு அவர் முகத்தைக் கொண்டுபோனது 2008-ல் வந்த இந்தி சீரியல் 'பாலிகா வது'. நம் ஊரில் அது 'மண் வாசனை' என்று டப்பிங்கில் ஓடியது. அதில் அவர் நடித்த அந்தக் கண்டிப்பான பாட்டியைத் திட்டாத வீடு உண்டா? ஆனால் நாம் கேட்டது வேறு யாருடைய குரலையோ. சுரேகாவின் பாதி நடிப்பு அந்தக் குரலில்தான் இருக்கிறது. 'பதாய் ஹோ'வில் நடுத்தர வயதில் கர்ப்பமான மருமகளைக் கரித்துக்கொட்டிவிட்டு, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் அதையே சொல்லும்போது அவர்கள் பக்கம் திரும்புவாரே, அந்த இடத்தை இந்தியிலேயே கேட்க வேண்டும். (மருமகள் நீனா குப்தாவும் நாடகப் பள்ளி ஆள்தான்.) அதையே தமிழில் 'வீட்ல விசேஷம்' என்று எடுத்தபோது அந்தப் பாட்டி வேஷத்துக்கு கேபிஏசி லலிதாவைப் போட்டார்கள். அவரும் மேடையிலிருந்து வந்தவர், நாடகக் குழுவின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் கடைசிவரை வைத்திருந்தவர். சரியான ஆள்.

பக்கவாதம் வந்த பிறகு, 2019 டிசம்பரில் சக்கர நாற்காலியில் வந்து மூன்றாவது தேசிய விருதை வாங்கினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த வருஷம் கொரோனா. 65 தாண்டியவர்கள் படப்பிடிப்புக்கு வரக் கூடாது என்று மகாராஷ்டிராவில் விதி போட்டார்கள். எழுபத்தைந்து வயதில், எனக்கு வேலை வேண்டும், செலவு இருக்கிறது என்று அவர் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தேசிய விருது வாங்கியவரின் நிலைமை இது. 'லேட்டாக ஜெயித்தார்' என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.